முந்நூறு ரூபாய் வைஃபை டாங்கிளும் லினக்ஸும்: எந்தச் சிப்புக்கு எந்த வழி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் லினக்ஸ் என்பது புதுப் பேச்சில்லை. கேரளப் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர் லேபில் கைட் (பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்கிற கேரள அரசு அமைப்பு) தருகிற உபுண்டு வகை லினக்ஸ்தான் ஓடுகிறது. தமிழ் மீடியம் பிள்ளைகளும் அதில்தான் பழகுகிறார்கள். அதையே வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பிலும் போட்டுவிட்டால் காசு செலவில்லாமல் வேலை நடக்கும். இடிக்கிற இடம் ஒன்று உண்டு. ஃபைபர் மோடம் வாசல் ஹாலில் இருக்கும். கம்ப்யூட்டர் பின்கட்டிலோ தோட்டத்துச் சாளையிலோ இருக்கும். கேபிள் இழுக்க வழியில்லை. பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ போகிறவரிடம் சொல்லி ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிவரச் செய்வார்கள். விண்டோஸில் செருகினால் ஓடும். லினக்ஸில் செருகினால் விளக்குகூட எரியாது.

பெட்டியில் 150, 300, 1300 என்று எந்த வேகம் அச்சடித்திருந்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அடுத்த அப்டேட் வரும்போது, டாங்கிளை ஓட்டுகிற மென்பொருளான டிரைவரைப் பார்த்துக்கொள்ளப்போவது யார், கர்னல் எழுதுகிறவர்களா, வீட்டில் இருக்கிறவரா? கீழே வருகிற ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பெட்டியை நம்பாதே, ஐடியைப் பார்

டாங்கிளைச் செருகி, டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையை அடித்தால் ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் ஒரு வரி வரும். அதில் 'ஐடி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து. இடப்பக்கம் கம்பெனி, வலப்பக்கம் பொருள். இடப்பக்கம் 0பிடிஏ என்றிருந்தால் ரியல்டெக். 148எஃப் என்றால் ராலிங்க், 0இ8டி என்றால் மீடியாடெக், 0சிஎஃப்3 என்றால் ஏதெரோஸ். 2357 என்றால் டிபி-லிங்க், 2001 என்றால் டி-லிங்க். இந்த இரண்டும் சிப் செய்கிறவர்கள் இல்லை, சிப்பை வாங்கிப் பெட்டியில் போடுகிறவர்கள். ஆகவே அங்கே வலப்பக்க எண்ணைத் தேடித்தான் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கவேண்டும். 2357:012டி என்றால் ஆர்ச்சர் டி3யூ, உள்ளே ரியல்டெக் 8812பியூ. 2357:0120 என்றால் ஆர்ச்சர் டி2யூ பிளஸ், உள்ளே ரியல்டெக் 8821ஏயூ.

மாடல் பெயரை வைத்து ஏன் வாங்கக்கூடாது என்பதற்கு டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் ஒன்று போதும். முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸின் ஏஆர்9271. லினக்ஸ்காரர்கள் தேடித்தேடி வாங்கிய சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயர், அதே ஆன்டெனா, உள்ளே ரியல்டெக் 8188இயூஎஸ். பழைய சிபாரிசைப் படித்துவிட்டு வாங்கியவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது இரண்டாவதுதான். பெட்டியின் அடியில் 'வெர்' என்று போட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

கடையில் நின்றபடியே பார்க்கவும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனில் யூஎஸ்பி சாதன விவரம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டு, ஓடிஜி கேபிளில் டாங்கிளைச் செருகினால் இரண்டு ஐடியும் திரையில் வந்துவிடும். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. 'லினக்ஸிலும் ஓடும்' என்று பெட்டியில் பெங்குவின் படம் போட்டிருப்பது பெரும்பாலும் 'டிரைவர் சோர்ஸ் எங்கள் தளத்தில் கிடக்கிறது, நீயே கம்பைல் பண்ணி ஓடுகிற டிரைவராக்கிக்கொள்' என்கிற அர்த்தத்தில்தான். அந்த சோர்ஸ், அதாவது மூலநிரல், பல வருஷம் பழைய கர்னலுக்கு எழுதியதாக இருக்கும்.

சிடி வேஷம்

ஐடி பார்க்கும்போதே ஒரு குழப்பம் வரலாம். செருகியதும் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் அது வைஃபை கார்டு இல்லை. தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்கிறது. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து விற்பதற்கான ஏற்பாடு இது. ஃபைல் மேனேஜரில் சின்னதாக ஒரு சிடி தெரியும். விண்டோஸ் அதிலிருந்து டிரைவரை எடுத்துப் போட்டதும் சாதனம் வேஷத்தைக் கலைத்து வைஃபையாகிவிடும். லினக்ஸில் அந்தக் கலைப்பை 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற பொதி (பேக்கேஜ்) செய்கிறது. உபுண்டு, மின்ட் இரண்டிலும் அதை இன்ஸ்டால் செய்து டாங்கிளைக் கழற்றி மாட்டினாலே பெரும்பாலும் போதும். அது கையில் இல்லாவிட்டால் ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை 'இஜெக்ட்' செய்து பாருங்கள்; பல டாங்கிள்கள் அதற்கே இறங்கிவிடும். பிறகு எல்எஸ்யூஎஸ்பி மறுபடி அடித்தால் வலப்பக்க எண் மாறியிருக்கும். அதுதான் உண்மையான ஐடி. 1ஏ2பி-யை வைத்து டிரைவர் தேடி ஒரு நாள் முழுக்க வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

மலிவு வரிசை: எம்டி7601யூ எதிர் ரியல்டெக் 8188

முந்நூறு ரூபாய்ச் சுற்றில் கடையில் தொங்குகிற நகக்கண் அளவு டாங்கிளிலும், குட்டி ஆன்டெனா வைத்த கறுப்புக் குச்சியிலும் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பத்தில் ஒன்று.

எம்டி7601யூ மீடியாடெக்கினுடையது; மாறின பிறகு ஐடி, ராலிங்க்கின் எண்ணிலேயே, 148எஃப்:7601. டிரைவர் 4.2 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. அதாவது இன்று ஓடுகிற எந்த லினக்ஸிலும் டிரைவர் இருக்கிறது. அப்படியும் ஓடவில்லை என்றால் தொண்ணூறு பங்கு காரணம் ஃபர்ம்வேர் ஃபைல், அதாவது சிப்புக்குள் ஏற்றவேண்டிய நிரல், இல்லாததுதான். 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையின் கடைசி வரிகளில் 'எம்டி7601யூ.பின்' என்ற ஃபைலை ஏற்ற முடியவில்லை, பிழை கழித்தல் 2 என்று வந்தால் அதுவே. உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியில் இந்த ஃபைல் இருக்கிறது. டெபியன் வகை லினக்ஸின் 12-ம் பதிப்பில் 'ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ' என்ற பொதியைப் போடவேண்டும். இதன் குறை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஒற்றை ஸ்ட்ரீம். 150 என்று எழுதியிருந்தாலும் கையில் வருவது அதில் பாதிக்கும் கீழே. இன்னொன்று, கர்னல் டிரைவரில் ஹாட்ஸ்பாட் போட வழியில்லை; நெட்டை வாங்கும், திருப்பி விநியோகம் செய்யாது.

ரியல்டெக் 8188 என்பது ஒரு சிப் இல்லை, ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். 8188சியூஎஸ், 8188இயூ, 8188எஃப்டிவி, 8188ஜியூ என்று ஒரே முகஜாடையில் நாலைந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. 8188இயூ (0பிடிஏ:8179) நீண்ட காலம் கர்னலின் 'ஸ்டேஜிங்' திண்ணையில், அரைகுறை டிரைவர்கள் காத்திருக்கும் இடத்தில், உட்கார்ந்திருந்தது. அந்தப் பழைய டிரைவரை 6.3-ல் அகற்றிவிட்டு, 'ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ' என்ற முறையான டிரைவருக்குள் அதை அழைத்துக்கொண்டார்கள். 8188எஃப்டிவி (0பிடிஏ:எஃப்179) 6.2-லிருந்து அதே டிரைவரில் இருக்கிறது. 8188ஜியூ-தான் மேலே சொன்ன சிடி வேஷக்காரன், 6.8 கர்னல் வைத்திருந்தால் அதுவும் தானே ஓடும்.

ஆகவே தீர்ப்பு கர்னல் எண்ணைப் பொறுத்தது. 'யூநேம் -ஆர்' அடித்து 5.4, 5.15 என்று வந்தால் எம்டி7601யூ தெளிவாக முந்துகிறது. 6.8 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டும் செருகியவுடன் ஓடும். அப்போது ஆன்டெனா வெளியே நீட்டியிருப்பதை எடுங்கள். நகக்கண் அளவு டாங்கிளில் ஆன்டெனா என்பது பலகையிலேயே வரைந்த ஒரு கோடு. கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு பின்னால் செருகியிருந்தால் அது எந்தச் சிப்பாக இருந்தாலும் இரண்டு சுவர் தாண்டாது.

இதே விலையில் இப்போது 'வைஃபை 6' என்று போட்டும் சில வருகின்றன. அவற்றில் பல ஏஐசி8800 என்ற சிப். டிரைவர் கர்னலில் இல்லை. விற்கிறவர் தரும் சோர்ஸை நம்பித்தான் ஓட்டவேண்டும். தொடவேண்டாம்.

ஏஆர்9271-ஐயும் ராலிங்க் ஆர்டி5370-ஐயும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இரண்டும் பழசு, இரண்டும் 2.4 மட்டும், இரண்டும் கர்னலில் பல வருஷமாக அசையாமல் இருப்பவை. ஏதெரோஸின் ஃபர்ம்வேருக்கு மூலநிரல்கூட வெளியிட்டிருக்கிறார்கள். பழைய சாமான்களில் கிடைத்தால் விடாதீர்கள்.

இரட்டை அலைவரிசை: இங்கேதான் காசும் போகும், தலைவலியும் வரும்

5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறவை. ஒருபக்கம் மீடியாடெக் எம்டி7610யூ, எம்டி7612யூ, எம்டி7921ஏயூ. மறுபக்கம் ரியல்டெக் 8811ஏயூ, 8812ஏயூ, 8821சியூ, 8812பியூ.

மீடியாடெக் பக்கம் சொல்வதற்கு அதிகமில்லை, அதுதான் அதன் பெருமை. 7612யூ 4.19 கர்னலிலிருந்து 'எம்டி76' டிரைவரில் இருக்கிறது. வைஃபை 6 பேசுகிற 7921ஏயூ-வை 5.19-லிருந்து நம்பலாம். செருகு, பாஸ்வேர்டு அடி, முடிந்தது. ஹாட்ஸ்பாட் போடும், மானிட்டர் மோடும் (சுற்றியுள்ள வைஃபை பேச்சைக் கவனிக்கும் முறை) உண்டு. தொல்லை கடையில்தான்: ஆல்ஃபாவின் ஏசிஎம், ஏஎக்ஸ்எம்எல் போன்ற மாடல்கள் சின்ன ஊர்க் கடைகளில் தொங்காது, ஆன்லைனில் வரவழைக்கவேண்டும், விலையும் சில ஆயிரம்.

ரியல்டெக் எதிர்ப்பதம். எல்லாக் கடையிலும் இருக்கும், விலை பாதிக்கும் கீழே, வேகமும் நன்றாகவே வரும், ஆனால் கர்னல் எண்ணைப் பார்த்துத்தான் கை வைக்கவேண்டும். 8821சியூ, 8812பியூ இரண்டும் 6.2-ல் 'ஆர்டிடபிள்யூ88' டிரைவருக்குள் வந்தன. 8812ஏயூ-வும் 8821ஏயூ-வும் 6.13-ல்தான் வந்தன. இதில் ஒரு வேடிக்கை: டெபியன் 13 எடுத்துக்கொண்ட கர்னல் 6.12. ஒரே ஒரு படியில் தவறவிட்டது. உபுண்டு 24.04 முதலில் வந்தது 6.8-ஓடு; அதற்குப் புதுக் கர்னல் தருகிற ஹெச்டபிள்யூஇ வரிசை 6.14-க்கு வந்தபிறகு அதே டாங்கிள் செருகியவுடன் ஓடுகிறது.

8812பியூ-வில் இன்னொரு நுணுக்கம். கர்னல் டிரைவர் ஆரம்பத்தில் இதை யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே ஓட்டியது, 3.0-க்கு மாற்றிவிடும் வசதி 6.12 வாக்கில்தான் சேர்ந்தது. நீலப் போர்ட்டில் செருகியும் வேகம் வரவில்லையே என்று டாங்கிளைக் குறை சொல்லவேண்டாம்.

ரியல்டெக்கின் வைஃபை 6 யூஎஸ்பி சிப்புகளோ இன்னும் வாசற்படியில்தான் நிற்கின்றன. கர்னலுக்குள் அவை எட்டிப்பார்ப்பதே 6.17-லிருந்து. லினக்ஸுக்காக வாங்குவதென்றால் இன்றைக்கு அவை வேண்டாம்.

கர்னலை ஏற்றுவதா, டிரைவரைக் கம்பைல் செய்வதா

டாங்கிள் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அது ரியல்டெக், ஓடவில்லை. முன்னால் இரண்டு வழி. இணையத்தில் தேடினால் வருகிற முதல் பதில் கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவது வழி: சோர்ஸை இறக்கு, 'மேக்' கட்டளையால் கம்பைல் செய், இன்ஸ்டால் செய். அதை முதலில் எடுப்பது தவறு.

முதலில் கர்னலை ஏற்றிப் பாருங்கள். உபுண்டு 22.04 அல்லது அதை அடித்தளமாகக் கொண்டது என்றால் 'லினக்ஸ்-ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-22.04' என்ற பொதியைப் போட்டால் 5.15 போய் 6.8 வந்துவிடும். அதோடு 8821சியூ, 8812பியூ, 8188 குடும்பம் எல்லாம் வரிசையாக எழுந்து நிற்கும். லினக்ஸ் மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் மெனுவிலேயே கர்னல் மாற்ற இடம் இருக்கிறது. டெபியனில் புதுப் பதிப்புகள் வைத்திருக்கும் பேக்போர்ட்ஸ் கிடங்கைச் சேர்க்கவேண்டும். உபுண்டு 20.04-ல் மட்டும் இது உதவாது. அதன் உச்சமே 5.15. அதற்கான இலவச ஆதரவும் 2025-ல் முடிந்தாயிற்று, ஆகவே அங்கே டிரைவரோடு போராடுவதைவிட ஓஎஸ்ஸையே புதுசாகப் போடுவது நேரத்துக்கு நல்லது.

புதுக் கர்னல் பிடிக்காவிட்டால் பழையது எங்கும் போய்விடவில்லை. பூட் ஆகும்போது பழைய பயாஸில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால், யூஇஎஃப்ஐ மெஷினில் எஸ்கேப்பைத் தட்டினால், கிரப் மெனு வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம்.

கர்னல் ஏற்ற முடியாத நிலை இருந்தால் மட்டும் டிகேஎம்எஸ். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளிது: வெளியிலிருந்து வந்த டிரைவர் சோர்ஸை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கர்னல் மாறும்போதும் தானாக மறுபடி கம்பைல் செய்து கொடுக்கும். தானாக என்று சொன்னாலும் அது மூன்று இடத்தில் தடுக்கி விழும்.

ஒன்று, ஹெடர்கள், அதாவது டிரைவரைக் கம்பைல் செய்யக் கர்னலிலிருந்து வேண்டிய ஃபைல்கள். எல்லாரும் சொல்லித்தருவது 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' என்பதோடு யூநேம் -ஆர் தரும் எண்ணைச் சேர்த்து இன்ஸ்டால் செய்யச் சொல்வது. அன்றைக்கு ஓடும். மூன்று வாரம் கழித்து அப்டேட்டில் புதுக் கர்னல் வரும். அதற்கான ஹெடர் வராது, ஏனென்றால் நீங்கள் கேட்டது பழைய எண்ணுக்கான ஹெடரை மட்டும். டிகேஎம்எஸ் கம்பைல் செய்ய முடியாமல் ஓசையில்லாமல் விட்டுவிடும். ரீபூட் செய்தால் வைஃபை காணோம். எண் இல்லாத பொதியைப் போடுங்கள்: உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்', ஹெச்டபிள்யூஇ கர்னல் என்றால் அதற்குரிய ஹெச்டபிள்யூஇ பெயர், டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64'. கூடவே 'பில்ட்-எசென்ஷியல்', 'டிகேஎம்எஸ்' இரண்டும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்தால் ஓடுகிற கர்னல் எண்ணுக்கு நேராக 'இன்ஸ்டால்டு' என்று வரவேண்டும். 'ஆடெட்' என்று மட்டும் வந்தால் சோர்ஸ் இருக்கிறது, கம்பைல் ஆகவில்லை என்று பொருள்.

இரண்டு, செக்யூர் பூட். கம்பைல் நன்றாக முடிந்திருக்கும். 'மோட்ப்ரோப்' அடித்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று ஒரு வரி வந்து நிற்கும். கையெழுத்தில்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடாது. 'மோக்யூட்டில்' கட்டளைக்கு 'எஸ்பி-ஸ்டேட்' என்று கொடுத்தால் செக்யூர் பூட் இருக்கிறதா என்று சொல்லும். இருந்தால் டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியை மோக்யூட்டிலின் 'இம்போர்ட்' வழியாகப் பதியவேண்டும். ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு கேட்கும்; எட்டு இலக்கம், எண்கள் மட்டும் போடுங்கள், ஏனென்றால் அடுத்த திரையில் கீபோர்டு அமெரிக்க லேஅவுட்டில்தான் இருக்கும். ரீபூட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து பத்து விநாடி காத்திருக்கும். அந்தப் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', பாஸ்வேர்டு, ரீபூட். டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் திரை போயிருக்கும். இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மட்டும் இருந்தால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதும் ஒரு வழிதான். விண்டோஸும் சேர்ந்திருந்து டிஸ்க் பூட்டியிருந்தால், ரெகவரி கீ கையில் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

மூன்று, கர்னலின் உள்கட்டமைப்பு மாறுவது. வெளிச் சோர்ஸ் 5.15-க்கு எழுதியது என்றால் 6.8-ல் ஃபங்ஷன் பெயரோ அதற்குக் கொடுக்கும் உருப்படிகளோ மாறியிருக்கும். கம்பைல் நடுவில் நின்றுவிடும். டிகேஎம்எஸ் அந்தப் பதிவை 'மேக்.லாக்' என்ற ஃபைலில் வைத்திருக்கும். அதில் 'எரர்' என்று வருகிற முதல் வரியைப் பாருங்கள், கடைசி வரி எப்போதும் ஒன்றும் சொல்லாது. இதைச் சரிசெய்ய நாம் சி மொழி படிக்கவேண்டியதில்லை. சோர்ஸைப் பராமரிக்கிறவர் புதுப்பித்திருந்தால் பழையதை டிகேஎம்எஸ்ஸிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதைப் போடவேண்டும். பராமரிப்பவரே விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்த டாங்கிள் பழைய கர்னலோடு கட்டிப்போட்ட மாடுதான்.

நான்காவதாகவும் ஒன்று இருக்கிறது, இது புதுசு. பழைய காலத்தில் 8812ஏயூ-வை டிகேஎம்எஸ்ஸில் போட்டவர் பிறகு 6.14 கர்னலுக்கு வந்துவிட்டார். இப்போது கர்னலின் சொந்த டிரைவரும் வெளி டிரைவரும் ஒரே டாங்கிளுக்குப் போட்டி போடும். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. பழைய டிகேஎம்எஸ் பொதியை நீக்கி, '/ஈடிசி/மோட்ப்ரோப்.டி' ஃபோல்டரில் அது விட்டுப்போன பிளாக்லிஸ்ட் ஃபைலையும் அழிக்கவேண்டும். அந்த ஃபைல் இருந்தால் டிகேஎம்எஸ் போன பிறகும் கர்னல் டிரைவர் வாய்மூடியே இருக்கும்.

விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டுகிற என்டிஐஎஸ்ராப்பர் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்கிற பக்கத்தை மூடிவிடுங்கள்.

நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது, டாங்கிளே இல்லாமல் எப்படி இருப்பது

கர்னல் ஏற்றவும் ஹெடர் போடவும் நெட் வேண்டும், நெட்டுக்காகத்தான் இத்தனையும். ஆண்ட்ராய்டு ஃபோனை டேட்டா கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். எந்த லினக்ஸிலும் டிரைவர் இல்லாமலே ஒரு கம்பி இணைப்பாகத் தெரியும். பலருக்குத் தெரியாத சங்கதி: ஃபோன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் டெதரிங் வழியாகப் போவது அந்த வைஃபைதான், மொபைல் டேட்டா இல்லை. அதாவது ஃபோனே டாங்கிள். மூலையில் கிடக்கிற திரை உடைந்த பழைய ஃபோன் ஒன்றை இப்படி நிரந்தரமாக மாட்டி வைத்தால் முந்நூறு ரூபாய் டாங்கிளைவிட நன்றாகவே இழுக்கும். குறை, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் டெதரிங்கை மறுபடி தட்டவேண்டும். எப்போதும் சார்ஜில் கிடந்து பேட்டரி உப்பும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளில் இது நடக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துச் சாளை போல, கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்த ஆள் எப்போதும் இல்லாத இடத்துக்கு யூஎஸ்பி டாங்கிளே சரியான பொருள் இல்லை. லேன் போர்ட் உள்ள சின்ன ரவுட்டரை 'கிளையன்ட்' மோடில் வைத்து, அது வைஃபையைப் பிடிக்க, அதிலிருந்து ஒரு முழம் லேன் கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகட்டும். லேன் போர்ட் உள்ள எக்ஸ்டெண்டரும் இதே வேலையைச் செய்யும். கர்னல் என்ன மாறினாலும் கம்பிக்குக் கவலையில்லை. டாங்கிளைவிட இரண்டு மூன்று மடங்கு விலைதான். ஆனால் அதை ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைக்கலாம், டாங்கிள் கம்ப்யூட்டரின் முதுகிலேயே தொங்கும்.

ஓடுகிறது, ஆனால் அறுந்துபோகிறது

டிரைவர் சரியாக ஏறியபிறகும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இணைப்பு விழுந்தால் சிப்பை மாற்றுவதற்கு முன் நான்கு இடம் பார்க்கவேண்டும்.

முதல் சந்தேகம் நீலப் போர்ட். யூஎஸ்பி 3.0-ன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை அளந்து எழுதியிருக்கிறது. அடையாளம் சுலபம்: பக்கத்துப் போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் காப்பி ஓடும்போது வைஃபை தொங்கும், காப்பி முடிந்ததும் உயிர் வரும். 2.4 டாங்கிளைப் பின்பக்கக் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைமேல் வையுங்கள். அந்தக் கேபிள் இரைச்சலையும் குறைக்கும், தகரப் பெட்டியின் மறைப்பிலிருந்தும் விலக்கும். டிரைவர் மாற்றுவதால் வராத முன்னேற்றம் பல வீடுகளில் இந்தக் கேபிளில் வந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்ப் வரைதான் தரும். ஆன்டெனா பெரிதாக உள்ள டாங்கிள் அனுப்பும்போது அதைத் தொட்டுவிடும். பழைய கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஓடுகிற மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கும். டிஎம்இஎஸ்ஜியில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' வரியும் உடனே மறுபடி கண்டுபிடித்த வரியும் மாறிமாறி வந்தால் இதுதான். மதர்போர்டிலேயே இருக்கிற பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றவேண்டும்.

மூன்றாவது பவர் சேவ். நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃபிக் ஃபோல்டரில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பு 3 என்றிருந்தால் அதை 2 ஆக்குங்கள். 2 என்றால் அணை என்று பொருள். ரியல்டெக் டாங்கிளில் சும்மா இருந்தபிறகு முதல் பக்கம் திறக்க நாலைந்து விநாடி எடுத்தால் குற்றவாளி பெரும்பாலும் இதுதான்.

நான்காவது, ஸ்கேன் செய்யும்போது நெட்வொர்க் மேனேஜர் மேக் முகவரியை (வைஃபை கார்டின் அடையாள எண்ணை) மாற்றி மாற்றிக் கொடுப்பது. சில வெளி டிரைவர்கள் அதைத் தாங்காது. நெட்வொர்க் பெயர் தெரியும், சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் மறுபடி மறுபடி பாஸ்வேர்டே கேட்கும். 'வைஃபை.ஸ்கேன்-ராண்ட்-மேக்-அட்ரஸ்' என்பதற்கு 'நோ' கொடுத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் தீரும்.

தோப்பு நடுவே தனி வீடு, பிளான் 30 எம்பிபிஎஸ் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை. பக்கத்து வீட்டு வைஃபை எட்டாத இடத்தில் 2.4 பட்டை காலியாகத்தான் கிடக்கும், மண்சுவரையும் அது நன்றாகத் தாண்டும். பாலக்காடு டவுனில் அடுக்குமாடியில் இருபது நெட்வொர்க் பெயர் தெரிகிற இடத்தில்தான் 5-க்கு வேலை. அங்கே ஒரு கடைசிச் சிக்கல் வரும்: ஃபோனில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியும், டாங்கிளில் தெரியாது. 'ஐடபிள்யூ ரெக் கெட்' அடித்துப் பாருங்கள். நாடு 00 என்றிருந்தால் 'ஐடபிள்யூ ரெக் செட்' கட்டளையில் இந்தியாவின் இரண்டெழுத்தைக் கொடுக்கவேண்டும். டிகேஎம்எஸ்ஸில் போட்ட ரியல்டெக் டிரைவர்கள் இதை மதிக்காமல் சொந்தக் கணக்கில் ஓடுவதுண்டு, அவற்றுக்கு '/ஈடிசி/மோட்ப்ரோப்.டி' ஃபோல்டரில் 'ஆர்டிடபிள்யூ_கன்ட்ரி_கோட்' என்ற ஆப்ஷனாக நாட்டைச் சொல்லவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டர் 52-லிருந்து 144 வரையுள்ள ரேடார் சேனல்களில் ஒன்றில் உட்கார்ந்திருக்கும். ரவுட்டர் பக்கத்தில் 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு 36 அல்லது 149 என்று கையால் வைத்தால் டாங்கிளின் பட்டியலில் பெயர் வந்துவிடும்.